15 நிமிட டைனோசர்: சிறுவயதில் பார்த்த 'ஜுராசிக் பார்க்' ஏன் மனதை விட்டுப் போவதில்லை?

2025 ஜூலையில் ஜுராசிக் வரிசையின் ஏழாவது படம் வெளியானது. இந்த வரிசையில் புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் மதுரையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். நாற்பதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ, "என்ன இருந்தாலும் அந்த முதல் படம் மாதிரி வராது" என்பார்கள். பிள்ளைக்கு அது விளங்காது. புதுப் படத்தில் டைனோசர்கள் அதிகம், கிராபிக்ஸும் துல்லியம். முப்பது வருஷத்துக்கு முந்தைய படம் அதைவிட எப்படி உசத்தியாகும்?

பெற்றவர்களுக்கும் சட்டென்று பதில் வராது. "அப்போ சின்ன வயசு, அதான்" என்று முடித்துவிடுவார்கள். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. இரண்டும் எங்கே சேர்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில தகவல்கள்

மைக்கேல் கிரைட்டன் 1990-ல் எழுதிய நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படமாக்கினார். அமெரிக்காவில் 1993 ஜூனில் வெளியானது. இந்தியாவுக்கு 1994-ல் வந்தது. படத்தின் நீளம் 127 நிமிடம். கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மரப்பிசினுக்குள் அகப்பட்டு உறைந்துபோன கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசரின் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு டைனோசர்களை மறுபடி உண்டாக்கி, ஒரு தீவில் பூங்கா அமைக்கிறார்கள், வேலி செயலிழக்கிறது.

இப்போது கட்டுரைக்குத் தேவையான எண்: அந்த 127 நிமிடத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது மொத்தம் சுமார் 15 நிமிடம்தான். அதிலும் ஏறக்குறைய 9 நிமிடம் இயந்திர உருவங்கள், 6 நிமிடம் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்.

சிறுவயதில் படத்தைப் பார்த்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். படம் முழுக்க டைனோசர் ஓடியதாகத்தான் அவர்களுக்கு ஞாபகம். 15 நிமிடம் எப்படி இரண்டு மணி நேரமாக வளர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வாடிவாசல் உத்தி

அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. காளை வெளியே வந்து களத்தில் நிற்பது சில வினாடிகள். அதற்கு முன்னால் வாடிவாசலுக்குப் பின்னே மணிச் சத்தம் கேட்கிறது, கட்டையில் கொம்பு உரசுகிறது, மாடு பெருமூச்சு விடுகிறது. எல்லாருடைய கண்ணும் அந்தக் குறுகலான வாசலிலேயே நிற்கிறது. காளையின் உருவம் பார்க்கிறவர் மனசுக்குள் பெரிதாவது அந்த நேரத்தில்தான்.

ஸ்பீல்பெர்க் செய்ததும் இதையே. முதல் காட்சியில் ஒரு பெரிய இரும்புக் கூண்டு. உள்ளே ராப்டர் என்ற டைனோசர். நமக்குத் தெரிவது ஒரு கண் மட்டும். ஒரு தொழிலாளி உள்ளே இழுக்கப்படுகிறார். இழுப்பது என்னவென்று காட்டுவதில்லை. டி.ரெக்ஸ் என்ற பெரிய டைனோசர் திரைக்கு வருவது படம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து.

அந்த வருகைக்கு முன்னால் ஓர் ஆடு கட்டப்பட்டிருக்கிறது. வேலிக்குள்ளே, டி.ரெக்ஸுக்கு இரையாக. அமெரிக்கக் குழந்தைக்கு அந்த ஆடு என்ன அர்த்தம் தந்ததோ, மதுரைப் பிள்ளைக்கு அது உடனே புரிந்திருக்கும். பாண்டி கோயிலுக்குக் கிடாய் வெட்டப் போன எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் கட்டிப் போட்ட ஆட்டைப் பார்த்திருக்கும். ஆடு தழையைத் தின்றுகொண்டிருக்கும். நடக்கப்போவது அதற்குத் தெரியாது, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும். அந்த வயிற்றுக் கலக்கத்தோடுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் காட்சிக்குள் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு கணம் ஆட்டைக் காணவில்லை. அடுத்து, வண்டியின் கண்ணாடிக் கூரையில் ஆட்டுக்கால் ஒன்று வந்து விழுகிறது. வேட்டையை நாம் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் அதை நாமே மனசுக்குள் நடத்திக்கொண்டோம்.

ஒரு கோப்பைத் தண்ணீர்

இந்தப் படத்தின் காட்சிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். மழை பெய்கிறது. வண்டியின் முன்பலகையில் இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளில் தண்ணீர். தூரத்தில் 'தும்' என்று ஓர் அதிர்வு. தண்ணீரின் நடுவில் வட்டமாக ஓர் அலை எழுந்து விளிம்பைத் தொடுகிறது. மறுபடி 'தும்'. மறுபடி வட்டம். எடை என்பது என்ன என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இருக்க முடியாது. சிம்மக்கல் பக்கம் டீக்கடை மேசையில் தம்ளரை வைத்தால், பஸ் போகும்போது டீ நடுங்கும் அல்லவா, அந்த அனுபவம் எல்லாருக்கும் உண்டு. கண்ணால் பார்க்காத ஒன்றின் கனத்தை நம் வீட்டுத் தம்ளரை வைத்தே அளக்கச் சொல்கிறது படம்.

எடுக்கும்போது அந்த வட்டம் வரவே இல்லை. மேசையைத் தட்டினால் தண்ணீர் கோணல்மாணலாகத்தான் கலங்கும். கடைசியில் சிறப்பு விளைவுகளைக் கவனித்த மைக்கேல் லான்டியரி, கோப்பைக்கு அடியில் ஒரு கிடார் கம்பியைக் கட்டி, அதை மீட்டிப் பார்த்தார். அந்தச் சீரான அதிர்வில்தான் வட்டம் பிறந்தது. உலகத்தையே பயமுறுத்திய அந்த அடிச்சத்தத்துக்குப் பின்னால் இருந்தது ஒற்றைக் கம்பி.

பொம்மையும் கிராபிக்ஸும்

இங்கே மூன்று சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. அனிமட்ரானிக்ஸ்: மோட்டாரும் ஹைட்ராலிக் குழாய்களும் உள்ளே வைத்து, மேலே ரப்பர் தோல் போர்த்திய நிஜ அளவு உருவம். ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறை செய்த டி.ரெக்ஸ் ஏறக்குறைய 40 அடி நீளம். மழைக்காட்சியில் அதன் நுரைரப்பர் தோல் தண்ணீரை உறிஞ்சி, கனம் கூடி, உருவமே நடுங்க ஆரம்பித்ததாம். ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்தித்தான் அடுத்த காட்சியை எடுத்தார்கள்.

2. ஸ்டாப் மோஷன்: சின்ன பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்து ஓட்டுவது. பொம்மை நகரும்போதே படமெடுத்து அசைவை இயல்பாக்கும் 'கோ மோஷன்' இதன் வளர்ந்த வடிவம். ஓடும் டைனோசர்களை இந்த முறையில்தான் எடுப்பதாக இருந்தது. பொறுப்பு பில் டிப்பெட்டுக்கு.

3. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்: உருவத்தை முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்குவது. டென்னிஸ் மியூரன் தலைமையிலான குழு, நடக்கும் டி.ரெக்ஸின் சோதனைக் காட்சி ஒன்றைச் செய்து காட்டியது. அதைப் பார்த்த டிப்பெட், "நான்தான் அழிந்த இனம் போலிருக்கிறது" என்ற பொருளில் சொல்ல, ஸ்பீல்பெர்க் அந்த எண்ணத்தைப் படத்தில் வசனமாகவே வைத்துவிட்டார்.

ஆனால் டிப்பெட்டை அனுப்பிவிடவில்லை. விலங்கு எப்படி எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும், திரும்பும்போது தலை முந்துமா உடல் முந்துமா என்பதெல்லாம் தெரிந்தவர் அவர். மூட்டுகளில் உணர்கருவிகள் பொருத்திய எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்றைச் செய்தார்கள். அவருடைய ஆட்கள் அதைக் கையால் அசைக்க, அந்த அசைவு கம்ப்யூட்டருக்குள் போனது. அதாவது 1993-ன் கம்ப்யூட்டர் டைனோசருக்குள்ளும் மனிதக் கை இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தாலும் அந்த உருவங்கள் கனமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மற்றவை எளிய காரணங்கள்: இருட்டு, மழை, பக்கத்துக் காட்சியிலேயே நிஜமான ரப்பர் உருவம், பெரும்பாலும் மனிதன் நிற்கும் உயரத்திலேயே நிற்கும் கேமரா.

புதுப் படங்களில் டைனோசர்கள் பகல் வெளிச்சத்தில் நெடுநேரம் தெரிகின்றன. தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் பார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை குறைந்துவிட்டது. பிள்ளைகள் அதை ரசிப்பார்கள், அடுத்த வாரம் மறந்தும்விடுவார்கள். இது என் கருத்து. ஆனால் காரணமில்லாமல் சொல்லவில்லை. கீழே நினைவு பற்றிய பகுதியைப் பாருங்கள்.

உறுமியது யார்?

சத்தத்தை வடிவமைத்தவர் கேரி ரைட்ஸ்ட்ராம். டைனோசர் எப்படிக் கத்தும் என்று யாருக்கும் தெரியாது. எனவே தெரிந்த விலங்குகளின் குரல்களைப் பதிவுசெய்து கலந்தார். டி.ரெக்ஸின் உறுமலுக்கு ஆதாரம் ஒரு குட்டியானையின் பிளிறல். கூடவே புலியும் முதலையும். ராப்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் குரைப்பொலி, ஆமைகள் இணைசேரும்போது எழுப்பும் சத்தம். மரத்தின் உச்சியில் தழை மேயும் பிராக்கியோசாரஸ் பாடுவது போலக் குரல் கொடுக்குமே, அது கழுதையின் கத்தலை வேகம் குறைத்து ஓட்டியது.

அழுக்கு மூட்டை சுமந்து வைகைக் கரையில் நின்ற கழுதையின் குரலும், ஆடி வீதியில் கோயில் யானையின் பிளிறலும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சத்தங்கள் முழுக்க அந்நியமாக இருந்திருக்காது. எங்கேயோ கேட்டது போல இருக்கும். எது என்று பிடிபடாது. புதியதும் பழகியதும் இப்படிக் கலக்கும்போதுதான் ஒரு சத்தம் ஆழமாகப் பதிகிறது.

இன்னொன்று: டி.ரெக்ஸ் வண்டிகளைத் தாக்கும் அந்த நீண்ட காட்சியில் பின்னணி இசை கிடையாது. படத்துக்கு இசை ஜான் வில்லியம்ஸ்; பிராக்கியோசாரஸைக் காட்டும்போது அவர் இசை நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் பயத்தின் உச்சத்தில் மழையும் தகரமும் மூச்சும் மட்டும்தான்.

டி.டி.எஸ். என்ற ஒலிமுறை அறிமுகமானதும் இந்தப் படத்தில்தான். ஒலியைப் பிலிமிலேயே பதியாமல் தனி சி.டி.யில் வைத்து, பிலிமின் ஓரத்தில் உள்ள நேரக் குறிகளைக் கொண்டு படத்தோடு இணைத்து ஓட்டும் முறை அது. எல்லாத் தியேட்டர்களிலும் அந்த வசதி இருந்ததில்லை. இருந்தாலும் பெரிய கொட்டகை, பெரிய திரை, நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிப்பது, இவை அன்றைய தியேட்டர்கள் சாதாரணமாகவே தந்தவை. அதிலும் மதுரைக்கு ஆங்கிலப் படம் புதிதல்ல. மேலவெளி வீதியில் விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள் இருந்த ரீகல் தியேட்டர் ஆங்கிலப் படங்களுக்கென்றே பேர்போனது.

பிள்ளை மனசில் நடப்பது

சரி, "சின்ன வயசு, அதான்" என்ற பாதிப் பதிலுக்கு வருவோம்.

1. பயம் பதிய வைக்கும். மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒரு பகுதி. பயம், வியப்பு போன்ற உணர்ச்சிகள் பொங்கும்போது அது விழித்துக்கொண்டு, நினைவைச் சேமிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை 'இதை விட்டுவிடாதே' என்று உசுப்புகிறது. பக்கத்தில் அப்பாவோ அக்காவோ கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வரும் பயம், காயப்படுத்தாமல் பதிகிற பயம்.

2. பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்தவை, வயதான பிறகு மற்ற வருடங்களைவிட அதிகமாக ஞாபகத்துக்கு வருகின்றன. உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம் இது. முதன்முதலாக நடப்பவை அந்த வயதில்தான் அதிகம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

3. திரும்பச் சொல்வது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. அன்று படம் பார்ப்பது என்பது தியேட்டரோடு முடியவில்லை. மறுநாள் பள்ளி இடைவேளையில் படம் பார்த்த பையன் பார்க்காதவர்களுக்குக் கதை சொல்வான். முழங்கையை விலாவோடு ஒட்டி, விரல்களை வளைத்து, தலையைச் சாய்த்து ராப்டர் மாதிரி இரண்டு எட்டு வைப்பான். பார்க்காத பையனும் அன்று சாயங்காலம் தெருவில் போய் அதையே செய்வான், கூட ஒரு காட்சியைச் சேர்த்து. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு உறுதிப்படுகிறது.

4. உறுதிப்படும்போதே மாறவும் செய்கிறது. நினைவு என்பது பெட்டியில் பூட்டிய புகைப்படம் மாதிரி கிடப்பதில்லை. எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. படம் விட்டுவைத்த வெற்றிடங்களில் பிள்ளை தன் டைனோசர்களை வைத்து நிரப்புகிறது.

இங்கேதான் இரண்டு பாதிகளும் சேர்கின்றன. படம் காட்டாமல் விட்டது. பிள்ளை மனசு நிரப்பியது. 15 நிமிடம் இரண்டு மணி நேரமானது இப்படித்தான். நாற்பது வயதில் ஒருவர் 'முதல் படம்' என்று சொல்வது ஸ்பீல்பெர்க் எடுத்ததை மட்டுமல்ல, தான் அதன் மேல் கட்டியதையும் சேர்த்துத்தான். வேறொருவர் எடுத்த எந்தப் புதுப் படமும் அதோடு போட்டிபோட முடியாது. பிள்ளையிடம் இதை விளக்கலாம். நிரூபித்துக் காட்ட முடியாது.

படத்தில் பிள்ளைகளும் முக்கியப் பாத்திரங்கள் என்பதும் இதற்கு உதவியது. சமையற்கூடக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நம் கல்யாண மண்டபங்களின் சமையற்கட்டு மாதிரியே நீளநீளமான மேடைகள், பளபளக்கும் எவர்சில்வர். கீழே ஒளிந்திருக்கும் அக்காவும் தம்பியும். தம்பியை நெருங்கும் ராப்டரைத் தன் பக்கம் திருப்ப, அக்கா கரண்டியால் தரையைத் தட்டுகிறாள். கரண்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது. படம் பார்த்த பிள்ளைக்கு அன்று ராத்திரி சொந்த வீட்டு அடுப்படியே வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

'நிஜமாகவே டைனோசரைக் கொண்டுவர முடியுமா?' என்பது அன்றும் இன்றும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி. 2025 ஏப்ரலில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, அழிந்துபோன டயர் ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்ததும் குழப்பம் கூடியது. அவர்கள் செய்தது, இன்றைய சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள். பழைய ஓநாயின் சில இயல்புகள் கொண்ட சாம்பல் ஓநாய் என்பதே சரியான விவரிப்பு என்று பல அறிவியலாளர்கள் சொல்கிறார்கள்.

டைனோசருக்கு அதுவும் நடக்காது. காரணம் டி.என்.ஏ. சிதையும் வேகம். நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவைகளின் எலும்புகளை வைத்து 2012-ல் வெளியான ஆய்வு, அந்தச் சூழலில் டி.என்.ஏ.வின் அரையாயுள் 521 ஆண்டு என்று கணக்கிட்டது. அரையாயுள் என்றால், 521 ஆண்டில் இணைப்புகளில் பாதி அறுந்துவிடும், அடுத்த 521 ஆண்டில் மீதியில் பாதி, இப்படியே. உறைபனியில் இன்னும் நெடுநாள் தாங்கும். இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டி.என்.ஏ. கிரீன்லாந்து மண்ணிலிருந்து கிடைத்தது, சுமார் 20 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் அழிந்ததோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

படத்தில் வேறு பிழைகளும் உண்டு. டி.ரெக்ஸும் வெலாசிராப்டரும் ஜுராசிக் காலத்தைச் சேர்ந்தவை அல்ல, அதற்குப் பிந்தைய கிரெட்டேசியஸ் காலத்தவை. நிஜ வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த புடைப்புகளை 2007-ல் அடையாளம் கண்டார்கள். இந்தப் பிழைகள் படத்தின் ஈர்ப்பைக் குறைக்கவில்லை. சொல்லப்போனால், 'அப்போ உண்மையில் எப்படி இருந்தது?' என்று பிள்ளையைப் புத்தகத்தின் பக்கம் தள்ளிவிட்டவையே இவைதான்.

நம்ம ஊரில் டைனோசர் இருந்ததா?

மதுரையில் தேடிப் பயனில்லை. யானைமலையும் நாகமலையும் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறைகள்; டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. புதைபடிவம் கிடைக்க வண்டலாகப் படிந்த பாறை வேண்டும்.

அது அரியலூரில் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை போகும் ரயில் பாதையிலேயே, திருச்சி தாண்டி. கிரெட்டேசியஸ் காலத்தில் அந்தப் பகுதி கடல். சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் இன்றும் சுருள்சுருளான அம்மோனைட் கிளிஞ்சல் படிவங்கள் கிடைக்கின்றன. அந்த மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1980களின் கடைசியில் ஒரு டைனோசரை விவரித்தார்கள். பெயர் புருகத்காயோசாரஸ்; 'பெரிய உடம்புள்ள பல்லி' என்று அர்த்தம். அதன் காலில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் மாமிசம் தின்னும் வகை என்று நினைத்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள, தழை மேயும் வகை என்று மாற்றினார்கள். எலும்புகள் பின்னர் ஈரத்தில் சிதைந்து நொறுங்கிப்போய்விட்டன. இன்று கையில் இருப்பது வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான். உலகிலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று பேசப்படும் அதன் மீதி உடம்பை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

உங்கள் பிள்ளைக்குக் காட்டுவதாக இருந்தால்

1. போனில் வேண்டாம். வீட்டிலிருக்கும் பெரிய திரையில், விளக்கை அணைத்து, சத்தத்தைக் கூட்டி, ராத்திரியில்.

2. மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் இதற்குத் தந்த சான்றிதழே 13 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் வகை. பிள்ளையின் மனசு பெற்றவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஒட்டி உட்காருங்கள்.

3. நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள். டி.என்.ஏ., அரையாயுள், அரியலூர் எல்லாம் மறுநாள் காலையில்.

4. வேலி ஓரத்தில் வண்டி நிற்கும், மழை கொட்டும், தண்ணீரில் வட்டம் எழும். "ஆடு எங்கே?" என்று படத்தில் அந்தச் சிறுமி கேட்பாள். பக்கத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையும் உங்கள் முகத்தைப் பார்த்து அதையே கேட்கலாம். பதில் சொல்லிவிடாதீர்கள்.